பெருவில் நம்ம ஆளு

பெறுநரின் பெயரும் முழு முகவரியும் இல்லாத கடிதத்தைப் பட்டுவாடா செய்ய எந்த நாட்டு அஞ்சலகமும் கடமைப்பட்டதல்ல. அனுப்பியவருக்கே திருப்பிவிடலாம். அனுப்பியவர் யாரென்றும் தெரியாவிட்டால் பிரித்துப் பார்த்து, கொஞ்ச காலம் வைத்திருந்து, அழித்துவிடலாம். இது விதி. என் பணிக்காலம் முழுவதும் இதைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் அமல்படுத்தியிருக்கிறேன். "மாமா, பம்பாய்" என்று மட்டும் எழுதிய கார்டுகளைத் திருப்பியிருக்கிறேன். தேர்வு முடிவுக்கு முந்தின வாரம் பிள்ளையாருக்கு எழுதப்பட்ட விண்ணப்பங்களையும் திருப்பியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான், ஓய்வு பெற்றபின், "மீன் விற்கும் அம்மாக்களில் யாராவது ஒருவர், துறைமுகம், பைட்டா, பெரு நாடு" என்று ஓர் உறையின்மேல் என் கையாலேயே எழுதி, நான் போஸ்ட்மாஸ்டராக இருந்த அதே செஞ்சி அஞ்சலகத்துக்குப் போய் அஞ்சல் தலை ஒட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் என்னிடம் பயிற்சி பெற்றவள். உறையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சார், வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்றாள். நல்ல பிள்ளை. கேட்க நினைத்தது வேறு.

எழுத வைத்தவர் எங்கள் தெருவின் பந்தல்காரம்மா. பெயரை எழுதப்போவதில்லை. "எழுதறதுன்னா எழுதுங்க சார், பேரு மட்டும் வாணாம். எதுனா ஏடாகூடமா எழுதியிருந்தீங்கன்னா அது நான் இல்லன்னு சொல்லிக்கலாம்" என்று அனுமதி தந்திருக்கிறார்.

திண்டிவனம் சாலையில் அவருடைய கடை. கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், சாமியானாத் துணி மூட்டைகள், சவுக்குக் கழிகள், அண்டாக்கள். வாசலில் ஒரு மினி லாரி. கணவர் இருந்தவரை அவர் பந்தல் கட்டினார், இவர் ஆள் பிடித்தார். கணவர் போனபின் இரண்டையும் இவரே பார்த்தார். ஆள் குள்ளம், குரல் அப்படியல்ல. லாரியின்மேல் ஏறி நின்று, "டேய், அந்த மூலைக் கயித்த இன்னும் ஒரு பிடி இழுடா" என்றால், கோட்டை பார்க்க வந்து வழி தவறிய வெளியூர்க்காரர்கூடத் தன் பையின் வாரை ஒரு பிடி இழுத்துக்கொள்வார்.

அவருக்கு ஒரே ஒரு குணம். மற்றதெல்லாம் அதன் கிளைகள். எந்தச் சேதியையும், அந்த இடத்தில் இருந்து பார்த்தவர் சொன்னால்தான் நம்புவார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதே மாத்திரையைச் சாப்பிட்டவர் ஒருவரைக் கண்டுபிடித்து, "வயித்துல இன்னா பண்ணுச்சு?" என்று கேட்டபிறகுதான் விழுங்குவார். அமாவாசைக்கு மேல்மலையனூரில் கூட்டம் எப்படி என்று தெரியவேண்டுமானால் அங்கிருந்து வரும் பஸ்ஸை நிறுத்தி, கடைசி சீட்டில் இருப்பவரைக் கேட்பார். முன்சீட்டுக்காரர் கூட்டத்தில் மாட்டாமல் ஏறியவராம், அவருக்கு என்ன தெரியும் என்பது வாதம்.

பந்தல் தொழிலுக்கு எதிரி மழை. ஆகவே மழை விஷயத்தில் இந்தக் குணம் ஓர் இலாகாவாகவே வளர்ந்திருந்தது. ஐப்பசி மழை கடலிலிருந்து வருகிறது. கடல் மரக்காணத்தில் இருக்கிறது. ஆகவே மரக்காணத்தில் ஓர் ஆள் வேண்டும். உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்மணியை எங்கோ ஒரு கல்யாணத்தில் பிடித்து நம்பர் வாங்கிவைத்திருந்தார். அடுத்தது திண்டிவனம். அங்கே மேம்பாலத்துக்குக் கீழே பூ விற்பவர் ஒருவர். மரக்காணம் சொன்னால் நாற்காலிகளை எண்ணத் தொடங்குவார், திண்டிவனம் சொன்னால் தூக்கத் தொடங்குவார்.

"இன்னாம்மா, அங்க எப்டி?"

"கருக்குது அக்கா. உப்ப வாரிக்கினு இருக்கோம்."

"வாரிட்டாங்கன்னா வருது சார்" என்று என்னிடம் திரும்புவார். "டிவில சொல்றவனுக்கு நனையறதுக்கு எதுவும் இல்ல. இவளுக்கு உப்பு இருக்குது."

வல்லத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. நானும் போயிருந்தேன். தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளோடு மேளதாளமாகத் தெருக்கோடியிலிருந்து புறப்படும் நேரத்தில் பூக்காரர் போன் செய்துவிட்டார். பந்தல்காரம்மா சமையல்காரரைப் பார்த்து, "எலையப் போடு" என்றார். பந்தி உட்கார்ந்துவிட்டது. தாய்மாமன் கொதித்துப்போய் வந்தார்.

"நான் சீர் எடுத்துக்கினு வர்றதுக்குள்ள பந்தி போட்டா எனக்கு இன்னாமா மரியாத?"

"மரியாத நனையாது மாமா. சாம்பார் நனையும்."

கடைசி இலையை மடிக்கும்போது மழை இறங்கியது. சாப்பிட்டு முடித்த தெம்பில் ஊரே தெருவுக்கு வந்து, நனைந்துகொண்டே தாய்மாமனுக்கு ஆரவாரம் செய்தது. மேளக்காரர்கள் உற்சாகத்தில் வழக்கத்தைவிட நீட்டி வாசித்தார்கள். மழையில் ஆடிக்கொண்டே சீர் கொண்டுவந்தவர் என்று அந்த மனிதருக்கு இன்றும் பேர் இருக்கிறது. அவரும் அதைத் தன் ஏற்பாடு போலவே சொல்லிக்கொள்கிறார்.

எப்போதும் இப்படிப் பலித்தது என்று சொன்னால் நான் பொய்யனாவேன். ஒரு முறை செஞ்சி கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழாவை, மரக்காணத்துச் சேதியை நம்பி, பேச்சாளர் வாய் திறந்த நேரத்தில் கலைத்துவிட்டார். நாற்காலிகள் லாரியில் ஏறின. பேச்சாளர் நின்றுகொண்டே இருந்தார். வெயில் அடித்தது. சாயங்காலம் வரை அடித்தது. நான் ஆறுதல் சொல்லலாமென்று போனால், அவர் போனில் இருந்தார். வந்தவாசியில் ஒரு தையற்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அங்க பெஞ்சிதா? எப்போ? ஆங்... அதான பார்த்தேன்." போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மேகம் பொய் சொல்லல சார். வழி மாறிப் போயிட்டுது. இனிமே வந்தவாசிலயும் ஒரு ஆளு."

தவறு நேர்ந்தால் அஞ்சல் துறையில் நாங்கள் விளக்கக் கடிதம் கேட்போம். அவர் ஓர் ஆளைக் கூட்டிக்கொள்வார். இலாகா இப்படித்தான் பெருகியது.

அவர் மகளுக்கு வரன் வந்தபோதும் இதே முறைதான். பையனுக்கு வளைகுடாவில் ஏசி மெக்கானிக் வேலை, சொந்த ஊர் செஞ்சிக்கு மேற்கே உள்ள அவலூர்பேட்டை. ஜாதகம் பொருந்தியது, படம் நன்றாக இருந்தது. பந்தல்காரம்மா பஸ் ஏறி அவலூர்பேட்டைக்குப் போய், பையன் வீட்டுக்குப் போகாமல், எதிர் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

"இன்னா விசாரிச்சீங்க?"

"பையன் அவங்க அம்மாவ எப்டி கூப்புடுறான்னு கேட்டேன். தெருமுனைலேர்ந்தே கூப்டுக்கினு வருவானாம். அது போதும்."

கல்யாணத்தை ஐப்பசியில்தான் வைக்க முடியும், பையனுக்கு அப்போதுதான் லீவு. இங்கேதான் சிக்கல் வந்தது. பையனின் தகப்பனார் கடலை விவசாயி, நிதானமானவர், எதையும் இரண்டாம் முறை சொல்லாதவர். அவர் பந்தல் கடையில் நாற்காலியில் உட்கார்ந்து, மோரைக் குடித்து முடித்து, "ஐப்பசின்னா மழ. மண்டபம் பார்த்துடலாம் சம்பந்தி" என்றார்.

பந்தல்காரம்மா மோர்ச் சொம்பை வாங்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஊருக்கெல்லாம் பந்தல் போட்டவ, பெத்த பொண்ணுக்கு மண்டபத்துல தாலி கட்ட வச்சா, நாளைக்கு எவன் என் பந்தலுக்குள்ள வருவான்? நீங்களே சொல்லுங்க சம்பந்தி."

சம்பந்தி தலையாட்டினார். "பந்தல்லியே வையுங்க. ஆனா எங்க ஜனம் பாதிச் சோத்துல எலைய விட்டு எழுந்து ஓடக் கூடாது. அவ்ளோதான் நான் கேக்கறது."

"ஒருத்தரும் எழுந்துக்க மாட்டாங்க" என்று பந்தல்காரம்மா வாக்குக் கொடுத்தார். சம்பந்தி போனபிறகு என்னைப் பார்த்து, "குடுத்துட்டேன் சார்" என்றார். அந்தக் குரலில் அப்படி ஒரு மெலிவை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாளிதழ்களில் எல் நினோ என்ற சொல் மறுபடி வரத் தொடங்கியிருந்தது. ஆடி மாதம். காலையில் என் பேப்பரை அவர் கடையில் உட்கார்ந்து படிப்பது வழக்கம்.

"இன்னா அது, எல்லா நாளும் அந்தப் பேரு போடறான்?"

எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். பசிபிக் என்று ஒரு கடல், உலகத்திலேயே பெரியது. அதன் ஒரு கரையில் பெரு, மறு கரையில் இந்தோனேசியாவும் ஆஸ்திரேலியாவும். சாதாரண வருஷங்களில் காற்று பெரு பக்கமிருந்து இந்தோனேசியா பக்கம் வீசிக்கொண்டே இருக்கும். மேலாக இருக்கும் சூடான நீரைத் தள்ளிக்கொண்டுபோய் அந்தக் கரையில் குவித்துவைக்கும். குவிந்த இடத்தில் மேகம் திரண்டு மழை கொட்டும். பெரு பக்கம் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும், அதோடு மீனுக்கு இரையும் வரும். சில வருஷங்களில் காற்று தளர்ந்துபோகும். அப்போது குவிந்திருந்த சூடு திரும்பிப் பெரு பக்கம் நகரும்.

"அட, சாமியானா சார் அது" என்றார் பந்தல்காரம்மா.

"எது?"

"ஒரு பக்கம் கயிறு இழுத்துக் கட்டியிருந்தா தண்ணி ஒரு மூலைல தேங்கி நிக்கும். கயிறு தளர்ந்துச்சுன்னு வையி, துணி சாஞ்சி, தேங்கின தண்ணி அத்தினியும் நடுவுல வந்து, சம்பந்தமே இல்லாதவன் தலைல ஊத்தும். காத்துதான் கயிறு."

மேலே தொடர்ந்தேன். கயிறு தளர்ந்த வருஷங்களில் ஆஸ்திரேலியாவில் காடு காய்ந்து எரியும், பெருவில் பாலைவனத்தில் வெள்ளம் வரும், நம் நாட்டில் ஆடி ஆவணி மழை இளைத்துவிடும். ஆனால் அதே வருஷம் நமது ஐப்பசி கார்த்திகை மழை பெரும்பாலும் கொழுத்துவிடும்.

"பெரும்பாலும்னா?"

"சில தடவை ஏமாற்றும். நம்ம இந்தியப் பெருங்கடலுக்கும் சொந்தமாக இதுபோல ஓர் ஆட்டம் இருக்கிறது. ஆப்பிரிக்கா பக்கம் சூடானால் ஒருவிதம், சுமத்ரா பக்கம் சூடானால் வேறு விதம். இரண்டு கடலும் ஒரே பக்கம் இழுத்தால் மழை நிச்சயம் மாதிரி. எதிரும் புதிருமாக இழுத்தால் யாராலும் சொல்ல முடியாது."

"ரெண்டு சம்பந்தியும் ஒத்துப் போவணும்" என்று தலையாட்டினார்.

எல் நினோ என்றால் ஸ்பானிய மொழியில் ஆண் குழந்தை, கிறிஸ்துமஸ் சமயத்தில் வெந்நீர் வருவதால் அந்த ஊர் மீனவர்கள் குழந்தை இயேசுவை நினைத்து வைத்த பெயர் என்றேன். எதிர் நிலைக்குப் பெண் குழந்தை என்று பெயர், அப்போது அந்தக் கடல் குளிரும் என்றும் சொன்னேன்.

"பொண்ணு வந்தா குளிரும்னு சொன்னவன் பொண்ணு பெக்காதவனா இருப்பான்."

அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை பேப்பரைப் பிரிக்கும் முன்பே கேட்டார்:

"சார், அந்த பெரு ஊர்ல நமக்கு யாருனா ஆளு இருக்காங்களா?"

என் கைப்பேசியில் கடல் வெப்ப வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். பெரு கரையிலிருந்து பசிபிக் நடுவரை சிவப்புப் பட்டை நீண்டிருந்தது.

"செகப்பா இருக்குது. சரி. யாரு தொட்டுப் பார்த்தாங்க?"

"மிதவை இருக்கிறது, செயற்கைக்கோள் இருக்கிறது. கருவி அளக்கும்."

"கருவிக்குப் பொண்ணு கல்யாணம் இல்லியே சார். அங்க தண்ணில எறங்கற ஆளு வேணும். மீன் விக்கறவ எவளாவது இருப்பா. அவளுக்குத் தெரியும்."

பெயர் தெரியாதவருக்குக் கடிதம் எழுதினால் என்ன ஆகும் என்பதை விதிப்படி விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"திருப்பி அனுப்பறவரு உங்கள மாதிரி ஆளுதான?"

"ஆமாம்."

"அவருக்கும் பொழுது போவணும்ல. எழுதுங்க."

வரைபடத்தில் பெருவின் துறைமுகங்களைப் பார்த்து, சொல்ல எளிதாக இருந்ததால் பைட்டாவைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஓர் அலுவலகம் கடிதம் எழுதும் முறையில், பொருள், விவரம், கோரிக்கை என்று நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன்.

"மொதல்ல சாப்டீங்களான்னு கேளுங்க."

"அது அலுவல் கடிதத்தில் வராது அம்மா."

"இது இன்னா அலுவலா? விசாரிப்பு சார். சாப்டியான்னு கேக்காம எவ பதில் போடுவா?"

கேட்டேன். பிறகு, என் மகளுக்கு ஐப்பசியில், அதாவது அக்டோபர் கடைசியில், கல்யாணம். பந்தல் போடுகிறோம். உங்கள் கடல் இந்த வருஷம் சூடாக இருக்கிறதா, மீன் கிடைக்கிறதா, கால் வைத்துப் பார்த்துச் சொல்லவும். உங்கள் கடல் சூடானால் எங்கள் ஊரில் மழை பெய்யும் என்கிறார்கள். என் சம்பந்திக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இப்படிக்கு, பந்தல் கடை, செஞ்சி. இதையே கணினி உதவியால் ஸ்பானிய மொழியில் மாற்றி இன்னொரு தாளில் இணைத்தேன். இணைப்பு: ஒன்று.

ஆவணி வந்தது. வானத்தில் துணி காயப்போட்டதுபோல் வெள்ளை மேகம் மட்டும் திரிந்தது. வல்லம் பக்கம் மானாவாரிக் கடலை வாடிக்கொண்டிருந்தது. டீக்கடையில் எல்லோருக்கும் சேதி தெரிந்துவிட்டிருந்தது.

"பந்தல்காரம்மா, பெருவுலேர்ந்து தபால் வந்துச்சா?"

"வரும். நீ டீக்குக் காசு குடு மொதல்ல."

மழையே இல்லாத ஆவணியில் மழைக்குப் பயப்படும் ஒரே ஆள் என்று ஊர் சிரித்தது. அவருக்கோ அந்த வறட்சியே சாட்சியாகப் போயிற்று. "இளைக்கும்னு சொன்னீங்க, இளைச்சிட்டுது. அப்ப மிச்சமும் வரும்" என்றார். பதிலுக்குக் காத்திராமல் ஏற்பாட்டில் இறங்கினார். ஏரிக்கரையோரக் காலி மனையில் பந்தல். மணமேடைக்கும் பந்தி போடும் இடத்துக்கும் மேலே தகரம். மற்ற இடத்தில் துணிக்குக் கீழே தார்ப்பாய். சுற்றிலும் தண்ணீர் ஓட வாய்க்கால். கிழக்குப் பக்கம் முழுவதும் தட்டி கட்டி அடைத்தார், கடல் மழை அந்தப் பக்கமிருந்துதான் சாரல் அடிக்கும். மேற்குப் பக்கத்தைத் திறந்துவிட்டார், ராஜகிரி மலை படத்தில் விழவேண்டும் என்று மகள் ஆசைப்பட்டாள்.

"மேற்கே?" என்று நான் கேட்டேன். கோப்பில் ஒரு பக்கம் காலியாக இருந்தால் எனக்குப் பொறுக்காது.

"அங்க மலை இருக்குதுல்ல சார்" என்றார்.

புரட்டாசிக் கடைசியிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. ஏரி பாதிக்கு மேல் ஏறியது. டீக்கடை வாயை மூடிக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தாழ்வு மண்டலம் கரையைக் கடந்து, எங்கள் தலைமேல் பெய்துவிட்டு மேற்கே போனது. போய்விட்டது என்று நினைத்தோம்.

கல்யாணத்தன்று காலை வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. பட்டுப் புடவையோடு, கையில் ஆரத்தித் தட்டும் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கைப்பேசியுமாகப் பந்தல்காரம்மா சுற்றிக்கொண்டிருந்தார்.

"மரக்காணம்? வெயிலா? வயிறு குளிர்ந்துச்சுடி. நீ இன்னும் கெளம்பலியா? சாப்பாட்டுக்கு வந்துடு." அடுத்தது: "அண்ணே, திண்டிவனம்? சுத்தமா? சரி, பூ வந்துட்டுது, நல்லா இருக்குது." வந்தவாசியும் சுத்தம். என்னைக் கடந்து போகும்போது, "ஏமாத்திட்டா சார், பெருக்காரி" என்று சிரித்தார்.

தாலி ஏறியது. முதல் பந்தி ஆனது. இரண்டாம் பந்தியில் அவலூர்பேட்டை ஜனம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. சம்பந்தி நடுவில். வடை பரிமாறிக்கொண்டிருந்தார்கள். நான் மலையைப் பார்த்தேன். ராஜகிரியின் தலை காணவில்லை.

மேற்கே போன தாழ்வு மண்டலம் போய்விடவில்லை, மலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறது. காற்று திறந்த பக்கமாக நுழைந்தது. பின்னாலேயே மழை, படுக்கை வாட்டில். ஐஸ்கிரீம்காரர் பெட்டியோடு மணமேடையில் ஏறிவிட்டார். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை வேட்டிக்குள் மறைத்தார். தவில்காரர் மட்டும் விடாமல் வாசித்தார்.

பந்தியில் சலசலப்பு. மேலாக ஒரு சொட்டு விழவில்லை, தகரம் தாங்கியது. ஆனால் சாரல் மேற்கு வரிசைக்காரர்களின் முதுகில் அடித்தது. இரண்டு பேர் இலையைக் கையில் எடுத்தார்கள்.

பந்தல்காரம்மா மழைக்கு நடுவே வந்து நின்றார். "எழுந்துக்காதீங்க! ஒருத்தரும் எழுந்துக்காதீங்க!" கிழக்குத் தட்டியை நோக்கி ஓடினார். பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்களைக் கூப்பிட்டார். "அத்த அவுருடா! அப்டியே தூக்கிக்கினு இங்க வா!" கிழக்குச் சுவர் முழுசாகப் பெயர்ந்து, ஆட்களின் தோள்மேல், பந்திக்குப் பின்னால் நடந்து, மேற்கே வந்து நின்றது. கட்டக் கழி இல்லை. ஆகவே பிடித்துக்கொண்டே நின்றார்கள். ஒரு மூலையை மாப்பிள்ளை பிடித்தான். ஒரு மூலையைப் பந்தல்காரம்மா. நடுவில் நானும் பிடித்தேன். அஞ்சல் துறையில் இதற்கு முன்மாதிரி இல்லை.

தட்டிக்கு அந்தப் பக்கம் நாங்கள் நனைந்தோம். இந்தப் பக்கம் பாயசம் வந்தது. சம்பந்தி அசையாமல் உட்கார்ந்திருந்தார். "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று அவர் சொன்னது தட்டி வழியாகக் கேட்டது. அவர் இரண்டாம் முறை கேட்டு நான் அறிந்தது அது ஒன்றுதான். ஒருவரும் இலையை விட்டு எழவில்லை.

"பொண்ணு சின்ன வயசுல பச்சரிசி தின்னுச்சா?" என்று ஒரு கிழவி கத்தினாள். கல்யாணத்தில் மழை பெய்தால் எங்கள் பக்கம் பெண்ணைக் கேட்கும் கேள்வி.

"தின்னுச்சி! மூட்டையோட தின்னுச்சி!" என்று பந்தல்காரம்மா மழைக்குள்ளிருந்து பதில் கத்தினார். பந்தலே சிரித்தது. மணப்பெண் மேடையில் ஐஸ்கிரீம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மழை விட்டதும் சம்பந்தி கை கழுவிவிட்டு வந்தார். மகளின் மாமியார் வீட்டுக்கு வைத்திருந்த வரிசைத் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தலை துவட்டிக்கொண்டிருந்த பந்தல்காரம்மாவின் முன்னால் தயங்கி நின்றார்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்லணும். காலைலியே எங்க ஊர்லேர்ந்து போன் வந்துச்சு. அங்க ஊத்துதுன்னாங்க."

துண்டு நின்றது. "காலைலியேவா?"

"ஆமா."

"அத்த ஏன் எங்கிட்ட சொல்லல?"

"மண்டபம் வைன்னு சொன்னவன் நான். இப்ப மழன்னு வந்து நின்னா, குத்திக் காட்டுறான்னு நெனச்சிக்குவீங்களேன்னு..."

பந்தல்காரம்மா துண்டை உதறித் தோளில் போட்டார். திட்டப்போகிறார் என்று நான் இரண்டு அடி பின்வாங்கினேன்.

"மூணு ஊர்ல ஆளு வச்சிருக்கேன் சம்பந்தி. மேக்கால ஆளு இல்லாமதான் நான் நனைஞ்சேன். அந்த ஆளு எங்க பந்திலியே உக்காந்து பாயசம் குடிச்சிக்கினு இருந்தாரு." அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இனிமே மேக்கு நீங்கதான். தெரிஞ்சுதா?"

அன்றிலிருந்து சம்பந்தி தினமும் காலை போன் செய்தார். வெயில் காலத்திலும் செய்தார். "இங்க மேகம் ஒண்ணும் இல்லீங்க சம்பந்தி." "சரிங்க சம்பந்தி." அவ்வளவுதான் பேச்சு. இப்போது பந்தல்காரம்மா பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மகளோடு வளைகுடாவில் இருக்கிறார். அந்த ஊரில் மழை வந்தால் பத்திரிகையில் படம் போடுவார்கள். அங்கிருந்து எங்களுக்குப் போன் செய்து, செஞ்சியில் மேகம் எப்படி என்று கேட்கிறார். பதில் சொல்லும் இலாகாவில் இப்போது நானும் ஓர் ஆள்.

கடிதத்துக்கு வருகிறேன். மகளுக்கு அவலூர்பேட்டையில் வளைகாப்பு நடந்த அன்று காலை, பந்தல்காரம்மா முன்னதாகவே போய்விட்டதால், தபால்காரர் அவருடைய கடிதத்தை என்னிடம் நீட்டினார். பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுக்கும் ஊழியருக்கு அந்தக் காலத்தில் நான் மெமோ கொடுத்திருப்பேன். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாப்பிள்ளையின் தங்கை கல்லூரி மாணவி. ஸ்பானிய எழுத்தைத் தன் கைப்பேசியால் படம் பிடித்து, திரையில் வந்த தமிழைச் சரிசெய்து உரக்கப் படித்தாள். கண்ணாடி வளையல்கள் அடுக்கிய கையைத் தட்டின்மேல் வைத்தபடி மகளும், சந்தனக் கிண்ணத்தோடு பந்தல்காரம்மாவும், இருபக்கத்துப் பெண்களும் கேட்டார்கள்.

"அன்புள்ள அம்மா, சாப்பிட்டோம். நீங்கள்? உங்கள் கடிதம் யாருக்கு என்று தெரியாமல் எங்கள் தபால்கார அம்மா அதை மீன் சந்தையில் உரக்கப் படித்தாள். யார் பதில் எழுதுவது என்று சண்டை வந்தது. அதிகம் பேசுபவள் நான் என்று என்னிடம் தந்துவிட்டார்கள். கடல் சூடாகத்தான் இருந்தது. கால் வைத்தால் குளியல் நீர் மாதிரி. நெத்திலி எங்களை விட்டு ஆழத்துக்கும் தெற்குக்கும் போய்விட்டது. மழையே தெரியாத எங்கள் ஊரில் மழை பெய்து என் சமையல்கட்டுச் சுவர் விழுந்தது. மறுபடி கட்டிவிட்டோம். இப்போது நீர் குளிர்ந்து வருகிறது. மீன் திரும்புகிறது. உங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்றா? மழை வந்ததா? யாராவது எழுந்து ஓடினார்களா? எல்லோரும் தினமும் என்னைக் கேட்கிறார்கள். பந்தல் என்றால் என்ன?"

சம்பந்திதான் முதலில் கேட்டார்:

"குளிருதுன்னா அடுத்த ஐப்பசிக்கு இன்னா அர்த்தம்?"

"மழை குறையலாம். குறையாமலும் போகலாம்" என்றேன்.

பந்தல்காரம்மா கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்தின்மேல் சந்தன விரலை ஓட்டினார். "சந்தைல கேட்டுக்கினே இருக்காங்களாம் சார். ஒக்காந்து எழுதுங்க. ஒருத்தரும் எழுந்துக்கலன்னு மொதல்ல எழுதுங்க. புள்ளத்தாச்சின்னும் எழுதுங்க. பந்தலப் படம் போட்டுக் காட்டுங்க."

"முதலில் கடிதம் கிடைத்த தேதியைக் குறிப்பிட வேண்டும் அம்மா. அதுதான் முறை."

"சரி, போடுங்க."

வளையல் சத்தத்துக்கு நடுவே, ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து அதன்மேல் தாளை வைத்து எழுதினேன்: அன்புள்ள அம்மா, தங்கள் கடிதம் ஜூன் மாதம் ஐந்தாம் தேதி எங்களுக்குக் கிடைத்தது.